வகுப்பா, கண்மாய்க் கரையா?

எங்கள் வீட்டில் இரண்டு பேர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. போன வருடம் இருவரையும் மாதம் 1,200 ரூபாய் கட்டி ஓர் இயற்கை வகுப்புக்கு அனுப்பினோம். இந்த வருடம் ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டு, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள பிள்ளைகளோடு சனிக்கிழமை காலைகளில் கண்மாய்க் கரைக்கு அனுப்புகிறோம். மொத்தம் பதினான்கு பேர், நான்கு வயது முதல் பன்னிரண்டு வரை. பாடத்திட்டம் கிடையாது, என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை, கரைப் பக்கம்தான்.

வகுப்பை மட்டம் தட்டவும் மாட்டேன். பைனாகுலர், முதலுதவிப் பெட்டி, பறவை தெரிந்த ஆள் எல்லாம் அங்கே உண்டு. நெற்றி வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி, சிவப்பாக இருந்தால் தாழைக்கோழி என்று மகள் கற்றது அங்கேதான். கரையில் அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. செலவு, அலைச்சல் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்த கதை.

என்னை மாற்றியது ஒரு நுங்கு வண்டி. வகுப்பில் வயது வாரியாகப் பிரித்திருந்தார்கள். மகன் இருந்த குழுவில் எல்லாருமே நாலு, ஐந்து வயது. ஒரு நாள் நுங்கு வண்டி செய்தார்கள். கூந்தலில், அதாவது நுங்கை எடுத்தபின் மிஞ்சும் பனங்காயில், குச்சியைக் குத்தி இறக்க ஒருவன் கையிலும் பலமில்லை. கடைசியில் ஆறு வண்டியையும் சொல்லித்தந்த அண்ணனே செய்து கொடுத்தார். பிள்ளைகள் உருட்டினார்கள், வீட்டுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

கரையில் இந்த மே மாதம் அதே வண்டியை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தான். சின்னதுகள் சுற்றி உட்கார்ந்து நுங்கைத் தின்றபடி பார்த்தன. என் மகள் செய்த முதல் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. "குச்சி நடுவுல போகல, அதான் கோணுது" என்று அவன் பிடுங்கி வேறு கூந்தலில் குத்தினான். ஜூனில் அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை என் மகள் தம்பிக்குக் குச்சி குத்திக் கொடுத்தாள். கவட்டைக் கம்பை அச்சில் வைத்துத் தள்ளும் வேலை அவனுடையது. கோணியபோது, "நடுவுல குத்துக்கா!" என்று கத்தினான்.

வகுப்பில் அந்த அண்ணன் வராவிட்டால் வண்டி இல்லை. இங்கே பெரியவன் போனாலும் அடுத்தவளுக்குக் கை வந்துவிடுகிறது. பாம்பு விஷயத்திலும் அப்படித்தான். சருகுக்குள் கை விடாதே, முதலில் குச்சியால் தட்டு என்பதை நான் சொன்னால் காதில் ஏறாது, எட்டு வயது அக்கா அதட்டினால் ஏறும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1942 முதல் கொடைக்கானலில் இருந்த காலத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகவே வைத்து இயற்கைப் பாடத்தை வளர்த்தார். அவரைப் படித்துவிட்டு நாங்கள் இதை ஆரம்பிக்கவில்லை. எங்களுக்குத் தெருவே அப்படி அமைந்தது.

முதல் மூன்று வாரம் "போரடிக்குது" என்ற ஒரே பாட்டுதான். நான்காவது வாரம் ஒருத்தி மணலில் குழிநரிப் பூச்சியின் பள்ளத்தைக் கண்டுபிடித்தாள், அதன் பிறகு எங்களை யாரும் தேடவில்லை.

ஆனால் இரண்டு பெரியவர்கள் முறை வைத்துக் கரையில் நிற்க வேண்டும், அதுவும் போனைத் தொடாமல், குறுக்கே பேசாமல். என்னால் இன்னும் முழுதாக முடியவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வந்ததும் கண்மாய்ப் பக்கமே கிடையாது. சவுடு மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்துவிடும். அந்த மாதங்களில் கோயில் ஆலமரத்தடிதான்.

எங்களுக்கு அனுபவம் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டைத் தாண்டிய பெண்பிள்ளைகள் தொடர்ந்து வருவார்களா என்று சொல்லத் தெரியவில்லை, இருவர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளை இருந்தால் வகுப்பே நல்லதாக இருக்கலாம்.

பறவை பார்க்க மட்டும் மாதம் ஒருமுறை பழைய வகுப்புக்குப் போகிறேன் என்கிறாள் மகள். சரி என்றிருக்கிறேன். மகன் வண்டியின் சக்கரம் காய்ந்து சுருங்கிவிட்டது, அடுத்த நுங்கு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.