வீல் லோடரில் மோதல் தடுப்புக் கருவி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

முன்னால் உள்ள பெரிய பக்கெட்டால் மண் அள்ளும் வண்டிதான் வீல் லோடர். அதை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் உள்ள தரையை எஞ்சின் மூடி மறைத்துவிடும். கண்ணாடிகளில் இரண்டு ஓரமும் தெரியும், நடுவில் ஒருவர் குனிந்திருந்தால் தெரியாது. பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன், அந்த இடத்தை நினைக்காமல் ஒருநாளும் ரிவர்ஸ் போட்டதில்லை.

இதற்காக எங்கள் வண்டியில் முதலில் மாட்டியது, கிட்டே எது இருந்தாலும் சத்தம் போடும், ரேடார் மட்டும் உள்ள கருவி. தூசியும் இருட்டும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மண் குவியலா மனிதரா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. லோடருக்கு நாள் முழுக்க குவியலோடுதானே வேலை? ஓயாமல் கத்தியது. இரண்டாவது வாரமே பஸர் மேல் டேப் ஒட்டிவிட்டேன். செய்திருக்கக் கூடாது.

இப்போது இருப்பதில் ரேடாரோடு ஆளை அடையாளம் காணும் கேமராவும், கீழே வேலை செய்பவர்கள் ஹெல்மெட்டில் மாட்டும் ரேடியோ டேக்கும் (கிட்டே வந்தால் வண்டிக்குத் தெரிவிக்கும் சின்ன வில்லை) உண்டு. மாட்டிய அன்று வண்டியைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டோம். பத்து மீட்டருக்குள் வந்தால் திரையில் மஞ்சள், ஐந்துக்குள் சிவப்பு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றாலே ஒரு நொடிக்கு மூன்று மீட்டர் கிட்ட போய்விடும். சத்தம் காதில் விழுந்து கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிறது.

ஒருநாள் மாலை திரையில் யாருமே இல்லை, ஆனால் டேக் சத்தம் கொடுத்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின் சக்கரத்திலிருந்து நான்கடி தள்ளி சர்வேயர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முளைக்குச்சியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். நின்றால் ஆள் என்று கண்டுபிடிக்கும் கேமரா, உட்கார்ந்தவரை விட்டுவிட்டது. அன்றிலிருந்து சார்ஜ் போடாத டேக்கோடு யார் வந்தாலும் நான் வண்டியை எடுப்பதில்லை.

குறையும் உண்டு. லோடு ஏற்றும் டிப்பரின் ஓட்டுநர் தன் கேபினில் பத்திரமாகத்தான் இருப்பார், ஆனாலும் அவர் டேக் கத்தும். அந்தக் கேபினுக்குள் இருக்கும்வரை டேக்கை அடக்கி வைக்க ஒரு சின்னக் கருவி தனியாக மாட்ட வேண்டியிருந்தது. அப்புறம், கேமரா கண்ணாடியில் சேறு படும். காலையில் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பாதித் திரைதான்.

எங்களுடையது எச்சரிக்க மட்டும் செய்யும். தானே பிரேக் போடுவதும் கிடைக்கிறது. அதை வாங்குவதானால், பக்கெட் நிறைய மண்ணோடு தூக்கிய நிலையில் முன்னால் போகும்போது அது எப்படி நிறுத்தும் என்று கட்டாயம் கேளுங்கள். சட்டென்று பிடித்தால் வண்டி முன்னால் சாய்ந்து பின் சக்கரம் தூக்கும்.

மண் அள்ளும் வண்டிகளில் இந்தக் கருவிகளைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 16001 என்ற தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். அது கையில் இருந்தாலும், பாதுகாப்பு மேலாடை போட்ட பொம்மை ஒன்றை முதலில் நிற்க வைத்தும், பிறகு குத்துக்காலிட்டு உட்கார வைத்தும் உங்கள் வண்டிக்குப் பின்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.