லீ-என்ஃபீல்டு எண் 4 வேட்டை ரைஃபிள்: குழலுக்கு முன் கட்டையைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள லாங் பிராஞ்ச் ஆலையில் உருவாகி, போருக்குப் பின் எவராலோ முன்கட்டை (குழலின் அடியில் உள்ள மரம்) வெட்டப்பட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்ட லீ-என்ஃபீல்டு எண் 4 ரைஃபிள் ஒன்றை நெடுங்காலமாக மான் வேட்டைக்குப் பயன்படுத்தி வருகிறேன். 1947இல் தொடங்கப்பட்ட, தொலைதூரப் பகுதிகளைக் கண்காணிக்கும் கனடிய இராணுவப் பிரிவான கனடிய ரேஞ்சர்கள் 2010களின் பிற்பகுதி வரை இந்த வகையைத்தான் சுமந்தார்கள் என்பதால் இதன் உறுதியைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆனால் என் கைக்கு வந்தபோது இது 100 கஜத்தில் ஐந்து அங்குலத்துக்கும் மேல் குண்டுகளைச் சிதறடித்தது. குழல் தேய்ந்துவிட்டது என்பதே எல்லோரும் சொன்ன காரணம். அது பாதி உண்மைதான்.

கருவிகளை எடுப்பதற்கு முன், இலக்கு அட்டையில் விழும் துளைகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒழுங்கின்றி எல்லாப் பக்கமும் சிதறினால் ஸ்கோப்பையோ தளர்ந்த திருகுகளையோ சந்தேகிக்கலாம். குழல் சூடேறச் சூடேறக் குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்தால், மரம் எங்கோ குழலை அழுத்துகிறது என்று பொருள். என்னுடையதில் இரண்டும் கலந்திருந்தன. ஸ்கோப்பின் தாங்கியை இறுக்கியதும், பழைய செம்புப் படிவை அமோனியா கலந்த கரைப்பானால் நீலக் கறை நிற்கும் வரை துடைத்ததும் ஓரளவு பலன் தந்தன. குழல் வாயின் விளிம்பில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றியபோது ஒரு பக்கம் நார் சிக்கியது. பல்லாண்டுகள் துப்புரவுக் கயிறு உரசிய வாய்களில் இப்படிப்பட்ட தேய்மானம் சாதாரணம். பழுதுபார்ப்பவர் அதைக் கடைந்து சீராக்கினார்.

தோட்டாவிலும் சிக்கல் இருந்தது. போர்க்கால .303 குழல்களின் உள்ளளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஈயத் துண்டைக் குழலுக்குள் செலுத்தி அளக்கலாம் என்றால், என் குழலில், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் ஐந்து. ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே பள்ளம் வராது, மேடுதான் வரும் என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் உதவாது. ‘வி’ வடிவத் தாங்கியில் வைத்து அளந்தபோது பள்ளங்களின் விட்டம் 0.315 அங்குலத்தை ஒட்டி வந்தது. கடையில் கிடைக்கும் குண்டுகளோ 0.311 அல்லது 0.312. இந்த நிலையில், அடி குறுகிய குண்டுகளை விட, வெடிவாயுவின் அழுத்தத்தில் சற்று விரிந்து பள்ளங்களை நிரப்பக்கூடிய, தட்டையான அடி கொண்ட 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள குண்டுகளே நன்றாகச் சென்றன.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் மரத்திலிருந்து வந்தது. லீ-என்ஃபீல்டின் முன்கட்டையில், பின்னுதைப்பைத் தாங்குவதற்கென்று இயக்கப் பகுதியின் (குழலைத் தாங்கும் உலோக உடலின்) பின்புறம் இரண்டு முகங்கள் உண்டு. எண்ணெய் ஊறி, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் சுருங்கி, அவை நசுங்கியிருந்தன. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளைவின் முன் திருகைச் சுற்றியுள்ள உலோக வளையம் இன்னொரு வஞ்சகத்தைச் செய்தது: மரம் சுருங்கிய பிறகு திருகின் இறுக்கம் வளையத்தில்தான் நிற்கிறது, மரத்துக்குப் போவதில்லை, ஆகவே திருப்புளிக்கு இறுகியதாகத் தெரிந்தாலும் கட்டை உள்ளே அசைந்துகொண்டிருந்தது. வளையத்தைச் சிறிது சிறிதாக அராவி, நசுங்கிய முகங்களில் கடின மரத் துண்டுகளை எபாக்சியால் ஒட்டிச் செதுக்கிப் பொருத்தினோம். பொறுமை தேவைப்படும் வேலை. இரு முகங்களும் ஒரே சமயத்தில் தொடாவிட்டால் முழுக் கட்டையும் பிளக்கும்.

இராணுவ வடிவில் முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையுடன் மேல்நோக்கி அழுத்தும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. கட்டையை வெட்டியவர் அந்த அழுத்தத்தை நீக்கிவிட்டு, எஞ்சிய மரம் குழலின் இடப் பக்கத்தை உரசும்படி விட்டிருந்தார். குழலின் தடித்த அடிப்பகுதி மட்டும் மரத்தில் அமர, அதற்கு முன்னே தாள் தடையின்றி நுழையும் இடைவெளி விட்டுத் தேய்த்ததும் சூட்டினால் ஏற்பட்ட நகர்வு பெருமளவு நின்றது.

இப்போது முதல் மூன்று குண்டுகள் 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் விழுகின்றன; ஐந்தாவது இன்னமும் சற்று மேலே ஏறும். அடர்ந்த காட்டில் மானுக்கு ஐந்தாவது குண்டைச் சுடும் நிலை எனக்கு வந்ததில்லை என்பதால் புதுக் குழலுக்குச் செலவிடவில்லை. நவம்பர் வேட்டைக்கு முன் ஆண்டுதோறும் அந்த முன் திருகையும், மரம் குழலைத் தொடுகிறதா என்பதையும் சோதிக்கிறேன். ஈரமான இலையுதிர்காலங்களில் மரம் உப்பி, இடைவெளியை மீண்டும் தேய்க்க நேர்ந்ததுண்டு.