ஜங்கஸா, கோரையா?

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா பக்கம் ஈரமான புல்வெளியில் நின்றால் நமக்கு எல்லாமே கோரைதான். வட அமெரிக்கப் பிரெய்ரி புல்வெளிகளின் பல்லாண்டுச் செடியான, ஜங்கஸ் இனத்தைச் சேர்ந்த ஜங்கஸ் டட்லியையும் நம் ஊர்க் கோரைக்கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் வேறு குடும்பம் என்று புரியும்.

முதலில் தண்டை விரலிடையில் உருட்டுங்கள். கோரை மூன்று விளிம்போடு தடுக்கும், ஜங்கஸ் வழுக்கி உருளும். இதோடு முடிவு கட்டக்கூடாது. உருண்டைத் தண்டுக் கோரைகளும் ஏரிகளில் உண்டு.

நம்பகமானது பூதான். 10 மடங்கு லென்ஸ் போதும். ஜங்கஸில் 6 பழுப்பு இதழ்கள், குட்டி லில்லி மாதிரி. நடுவே மூன்றாக வெடிக்கும் காய், உள்ளே தூசி போல ஏராளமான விதைகள். கோரையில் இதழே கிடையாது. ஒரு செதிலுக்குள் ஒரு பூ, அதில் ஒரே கொட்டை.

டட்லியை அதன் நெருங்கிய உறவான ஜங்கஸ் டெனுயிஸிலிருந்து பிரித்தறிய, தண்டைச் சுற்றியிருக்கும் இலையடியான இலையுறையின் உச்சியில் காது போல நீட்டியிருக்கும் சிறு மடலைப் பாருங்கள்: டட்லியில் குட்டையாக, மஞ்சளாக, தோல் போல, டெனுயிஸில் நீண்ட வெள்ளைச் சவ்வு. சவ்வு எளிதில் கிழியும் என்பதால் இளம் இலையையே பாருங்கள்.

மாடித் தொட்டிக்கு என்றால் கோரைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். பிடுங்கினால் மண்ணுக்குள் கிழங்குச் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும்.