பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகம்: எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீலம்மாவின் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. "நான் சொல்லி நீங்க எழுதின மாதிரி ஆயிரும்க்கா, பேரு வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்குக் களக்காடு பக்கம் நிலம். ஏத்தன் வாழைதான் போடுகிறோம், கிணற்றுப் பாசனம். 1968ல் தாத்தா காலத்தில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: "ஷை கிணற்றுத் தண்ணீரை வழக்கம்போல் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது." அதற்கு முந்தின வரியில் இரண்டு கிணறுகள் வருகின்றன. 'ஷை' என்றால் 'மேற்படி'. அது எந்தக் கிணறு? வழக்கம் என்றால் யார் வழக்கம்? இதைக் கேட்டுத்தான் அப்பாவும் சித்தப்பாவும் முன்சீப் கோர்ட்டில் தொடங்கி அப்பீல் வரை 11 வருஷம் அலைந்தார்கள். நான் பத்தாவது படிக்கும்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. எங்கள் ஆச்சி இறந்த அன்றும் இரண்டு பேரும் ஆளுக்கொரு திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா போன பிறகு அம்மா, அண்ணன், நான், தம்பி என்று நான்கு பேருக்கும் சம உரிமை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இப்படி ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று முதலில் வேறொரு இடத்தில் கேட்டோம். அரை மணி நேரத்தில் பத்திரம் கையில் வந்தது. வடக்கே வாய்க்கால் என்று போட்டிருந்தது. எங்கள் வயலுக்கு வடக்கே வாய்க்காலே இல்லை. யாருடைய பத்திரத்தையோ கம்ப்யூட்டரில் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்கு அதே 'வழக்கம்போல்'. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்புறம்தான் இந்த வக்கீலம்மா. முதல் நாள் அவர் எதையும் எழுதவில்லை. தாய்ப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "கடைசியா எதுக்குச் சண்டை வந்துச்சு? இனிமே எதுக்கு வரும்னு நினைக்கீங்க?" என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்கே வந்துவிட்டார். கிணற்றடி, மோட்டார் ரூம், பைப் போகிற பாதை எல்லாம் நடந்து பார்த்து, ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டார்.

தண்ணீர் முறைக்கு அவர் கண்டுபிடித்த வழியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் என்று எழுதிவிடலாம் என்றுதான் நாங்கள் சொன்னோம். "மும்முனை மின்சாரம் என்னைக்கு வரும், எத்தனை மணிக்கு நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தர் நாள்ல கரண்ட் இல்லேன்னா?" என்று கேட்டார். கிழமையையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டு, மோட்டார் ஓடிய நேரத்தையே கணக்காக வைத்தார். ஒரு முறைக்கு எட்டு மணி நேர ஓட்டம். மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்கும், போடுகிறவரும் நிறுத்துகிறவரும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மோட்டார் காயில் எரிந்தால், கிணற்றில் தூர் எடுத்தால் செலவு பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று.

அதோடு பத்திரத்துக்கு உள்ளேயே ஓர் உதாரணம் எழுதினார். "இரண்டாம் பாகக்காரரின் முறையில் மூன்று மணி நேரம் மோட்டார் ஓடிய பின் மின்சாரம் நின்று மறுநாள் வந்தால், மீதி ஐந்து மணி நேரத்தை அவர் ஓட்டி முடித்த பிறகே மூன்றாம் பாகக்காரரின் முறை தொடங்கும்." பத்திரத்தில் இப்படி உதாரணம் எழுதி நான் பார்த்ததே இல்லை. இதெல்லாம் செல்லுமா என்று தம்பி கேட்டான். அதற்கு அவர் அலமாரியிலிருந்து 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அந்தச் சட்டமே உதாரணங்களோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 29ஆவது பிரிவில் ஒன்று: ஒருவர் இன்னொருவருக்கு நூறு டன் எண்ணெய் விற்க ஒத்துக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை, அதனால் அந்த ஒப்பந்தம் செல்லாது. அதைத் தமிழில் சொன்னதும், "நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயான்னு சொல்லாண்டாமா? நம்ம கிணத்துக் கதைல்லா இது!" என்றாள் அம்மா. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். 150 வருஷம் பழைய சட்டம் அவளுக்கு ஒரு வரியில் புரிந்தது.

நெல்லையில் வக்கீலாக இருந்த வையாபுரிப் பிள்ளைதான் 1926ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதிக்குப் பதிப்பாசிரியராகப் போனார். சொல்லை நிறுத்துப் பார்க்கிற வக்கீல்கள் எங்கள் சீமைக்குப் புதிதில்லை. இந்த அம்மாவும் அப்படித்தான். 'ஷை' ஒன்றுகூட இல்லாமல் 'பெரிய கிணறு', 'வடக்குக் கிணறு' என்று ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லியே எழுதினார். அதே சமயம் 'சர்வ சுதந்திர பாத்தியம்' (முழு உரிமை) போன்ற சில பழைய சொற்களை நீக்கவில்லை. கோர்ட்டில் பல காலமாகப் பொருள் உறுதியான சொல், அதை மாற்றினால் புது வழக்குக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும் என்றார்.

அம்மாவுக்கு ஒரே ஆசை, வயல் மூலையில் அப்பா வைத்த புளியமரத்தை யாரும் வெட்டக் கூடாது. "வெட்டக் கூடாதுன்னு எழுதிரு தாயி" என்றாள். "ஆச்சி, முழு உரிமையைக் கொடுத்துட்டு, இதச் செய்யாதே அதச் செய்யாதேன்னு கையைக் கட்டுனா அது நிக்காது" என்று 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். அம்மா முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். மரம் நிற்கிற ஒன்றரை சென்ட்டை வீட்டோடு சேர்த்து அம்மா பாகத்திலேயே வைத்துவிடலாம், மீதியைப் பிள்ளைகள் ஆளுக்கு 1 ஏக்கர் 4 சென்ட்டாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மரம் இப்போது அம்மாவுடையது. பங்குனியில் புளி உலுக்கினால் காசு அம்மா முந்தானையில்தான்.

யாராவது விற்பதானால் மற்ற இரண்டு பேருக்கும் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும், 60 நாளில் பதில் வராவிட்டால் வெளியே விற்கலாம் என்பதும் இருக்கிறது. பதில் வராவிட்டால் என்ன என்பதையும் சேர்த்து எழுதியது எனக்குப் பிடித்தது.

பதிவு அன்று எந்தச் சிக்கலும் இல்லை. பத்திரத்தில் வரைபடம் இருந்தால் அதன் சரியான நகலையும் கூடவே கொடுக்க வேண்டும் என்று 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. நகல்களைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்து, முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அம்மா எங்கே புருவத்தைச் சுருக்கினாளோ, அந்த வரியை மறுபடி எழுதினார்.

குறைகளும் உண்டு. ஐந்து வாரம் ஆனது, அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் போனை எடுப்பதில்லை. மாடிப்படி செங்குத்து, முட்டுவலிக்காரியான அம்மா ஏறப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்திரத்திலும் ஒன்று விட்டுப்போனது. என் வயலுக்கு வரும் பைப் அண்ணன் பாகத்துக்குள் கொஞ்ச தூரம் போகிறது. பைப் உடைந்தால் தோண்டலாம் என்று எழுதியவர், தோண்டும்போது அண்ணன் வாழை சாய்ந்தால் யார் பொறுப்பு என்று எழுதவில்லை. போன மாசியில் நான்கு வாழை போயிற்று. அண்ணன் கேட்கவில்லை, நானாகவே பணம் கொடுத்தேன். வக்கீலம்மாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்போதே தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

எங்களிடம் 18,000 ரூபாய் வாங்கினார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி. போகிறவர்கள் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் முதல் நாளே கூட்டிப் போங்கள், வக்கீலம்மா முதலில் அவர்களிடம்தான் பேசுவார். மோட்டார் ரூமில் தொங்குவது இப்போது இரண்டாவது நோட்டு. இந்தச் சித்திரையில் வெயில் காய்ந்த காய்ச்சலில் தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரு நாள் முறைக் கணக்கில் சந்தேகம் வந்தது. நோட்டையும் பத்திரத்தின் நான்காம் பக்கத்தையும் வைத்துப் பார்த்தார்கள். தம்பிக்கு இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. அண்ணனே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தான்.