ஐஎஸ்டி என்றால் இஸ்ரேலாம்: போஸ்ட்கிரஸோடு 4 வருஷம்

நாகப்பட்டினத்து நண்பன் மீன் ஏலக் கணக்குக்கு ஒரு வெப் ஆப் எழுதுகிறான். ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "மாப்ள, டேட்டாபேஸ்ல டைம்ஸோன் என்ன வைக்கணும்?" ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வயிற்றெரிச்சல் விடவில்லை.

திருவையாறு பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த ஆப் ஜாங்கோவில் (வெப் ஆப் எழுத உதவும் பைத்தான் கட்டமைப்பு), டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். 4 வருஷத்தில் ஒரு பதிவுகூடத் தொலைந்ததில்லை. நேரத்தைச் சேமிக்கிற விதத்திலும் குறை சொல்ல முடியாது. டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையில் வைத்தால் உள்ளே எல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். கேட்கும்போதுதான் இணைப்பில் வைத்திருக்கும் ஸோனுக்கு மாற்றித் தரும். பெயரில் ஸோன் இருந்தாலும் ஸோனை அது சேமிப்பதில்லை என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அது என் மண்டை, அதன் தப்பில்லை.

தகராறு தினசரிக் கணக்கில் வந்தது. அங்கே விடியற்காலை 5 மணிக்கே கேனோடு வந்து நிற்பார்கள். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால், கணக்கோ தேதியை யூடிசியில் பிரித்தது. ஆக 5.30-க்கு முன் ஊற்றியவரின் பால் நேற்றைய தேதியில், அவருக்குப் பின்னால் நின்றவரின் பால் இன்றைய தேதியில். பத்து நாள் பட்டுவாடாவில் முதல் நாள் பால் முந்தின பட்டியலுக்கு ஓடிவிடும்.

சரி, கொயரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளையில்) ஸோனை மாற்றும் அட் டைம் ஸோன் சேர்த்து, இந்திய நேரம் என்று நினைத்து 'ஐஎஸ்டி' என்று போட்டேன். தேதி சரியாகிவிட்டது! ஒரு வாரம் நிம்மதி. அப்புறம்தான் யாரோ சீட்டை உற்றுப் பார்த்தார்கள்: 5.10-க்கு ஊற்றிய பாலுக்கு 1.40 என்று அச்சாகியிருக்கிறது. எந்த மாடு அந்நேரத்துக்குக் கறக்கும்? போஸ்ட்கிரஸின் வழக்கமான சுருக்கப்பெயர்ப் பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல் நேரம், யூடிசிக்கு 2 மணி முன்னால். இந்தியா என்று தனிப் பட்டியல் ஒன்று கூடவே வருகிறது, நாமாகத் தேடிப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடுப்பில் 'யூடிசி+5:30' என்று எழுதினேன். இன்னும் மோசம். அப்படி எழுதினால் அது பாசிக்ஸ் என்ற யுனிக்ஸ் தர முறையாம். அதில் கூட்டல் குறி கிரீனிச்சுக்கு மேற்கே. 11 மணி நேரம் பின்னால் போய், காலைப் பால் முந்தின நாள் சாயங்காலம் 6.10 ஆனது, மாலை 5 மணிப் பால் காலை 6 மணி ஆனது. "நேத்து சாயங்காலம் நான் கும்பகோணத்துல கல்யாணத்துல இருந்தேன் தம்பி, என் பேர்ல யாரு ஊத்துனா?" என்று ஒரு அக்கா கேட்டார். என்ன பதில் சொல்வேன்?

விடை 'ஏசியா/கொல்கத்தா'. அவ்வளவுதான். பழைய கல்கட்டா பெயரும் ஓடும். அதையே டேட்டாபேஸுக்கு வைத்துவிட்டால் ஒவ்வொரு கொயரியிலும் எழுத வேண்டாமே என்று பார்த்தேன். டெர்மினலில் சரியாக வந்தது, ஆப்பில் வரவில்லை. ஜாங்கோ இணைப்பைத் திறக்கும்போதே அதை யூடிசி ஆக்கிவிடுகிறது.

போஸ்ட்கிரஸின் நேரக் கணக்குக்கு 5-க்கு 2 மதிப்பெண்.

"அப்ப மைஎஸ்க்யூஎல் போட்டுக்கவா?" என்றான் நண்பன். அது இன்னொரு டேட்டாபேஸ். அங்கே ஸோன் அட்டவணைகளை ஏற்றாமல் ஏசியா/கொல்கத்தா என்று கேட்டால் வெறும் 'நல்' (மதிப்பில்லாத காலி விடை) வரும், டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-ஓடு முடியும், எல்லாம் தெரிந்தும் "போட்டுக்க" என்று சொல்லிவிட்டேன். கோபம்.

எனக்கு அடுத்து அறுவடை மெஷின் வாடகைக் கணக்கு ஒன்று வந்திருக்கிறது. போஸ்ட்கிரஸ்தான், நேற்றே இன்ஸ்டால் பண்ணிவிட்டேன்.