மின்னசோட்டா டிவிஎஸ்: கார்டு எளிது, ரோடு டெஸ்ட்தான் பாடு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லைசென்ஸ் கொடுப்பதும், நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி டிக்கெட் எழுதுவதும் ஒரே துறைதான். பொதுப் பாதுகாப்புத் துறை என்று பெயர். குற்றப் புலனாய்வு, பேரிடர் மேலாண்மை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தத் துறையோடு இருக்கும் ஒரே சகவாசம் டிவிஎஸ் என்கிற ஓட்டுநர், வாகனச் சேவைப் பிரிவு. துறைத் தலைவரான கமிஷனரை நியமிக்கும் ஆளுநர்கள் தேடுவதோ போலீஸ் அனுபவத்தை. கவுன்டரில் வரிசை எப்படி நகர்கிறது என்பது அந்தத் தேர்வில் வரவே வராது.

சட்டமன்றத்தில் இருந்து இந்த நாற்காலிக்கு வந்தவர்களும் உண்டு. அனோகா பக்கத்து உறுப்பினராக இருந்த சார்லி வீவர் 1999-ல் வந்தார். மினியாபொலிஸ் போலீஸ்காரராக இருந்துகொண்டே சட்டமன்றத்திலும் உட்கார்ந்த ரிச் ஸ்டானெக் 2003-ல் வந்து மறு வருஷமே விலகினார். பிறகு ஹென்னெபின் கவுன்டி ஷெரிஃப் ஆனார். ஜான் ஹாரிங்டன் 2010 வரை செயின்ட் பால் போலீஸ் தலைவர். அதே வருஷத் தேர்தலில் 67-ஆம் தொகுதி மாநில செனட்டர். ஒரே தவணைதான், அதுவும் எதிர்வரிசையில். பிறகு மெட்ரோ ட்ரான்சிட் போலீஸ் தலைவர். 2019 ஜனவரியில் ஆளுநர் டிம் வால்ஸ் அவரைக் கமிஷனர் ஆக்கினார்.

ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்த பின் வெடித்த 2020 மே மாதக் கலவரத்தின்போது ஹாரிங்டன் தினமும் டிவியில் தெரிந்தார். டிவிஎஸ் பக்கம் அவருக்குக் கிடைத்த சொத்து எம்என்லார்ஸ் என்ற வண்டிப் பதிவு மென்பொருள். 2017 ஜூலையில் தொடங்கிய நாளிலிருந்தே வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டில்கள் தேங்கின, கட்டணக் கணக்குகள் பிசகின. டைட்டில், டேப் (நம்பர் பிளேட்டில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர்) வேலைகளைச் செய்துகொடுக்கும் டெபுடி ரெஜிஸ்ட்ரார் அலுவலகங்கள் பல, மாநில அரசு நடத்துபவை அல்ல. கவுன்டியோ தனியாரோ நடத்துபவை, பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று வரும் கட்டணத்தில் ஓடுபவை. ஒரே வேலையை மூன்று தடவை செய்யவேண்டி வந்தபோது நஷ்டம் அவர்கள் தலையில். 2019-ல் நிபுணர் குழு ஒன்று, இதைத் தூக்கிப்போட்டு ரெடிமேட் மென்பொருள் வாங்குங்கள் என்றது. சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்கியது. நஷ்டப்பட்ட அலுவலகங்களுக்கும் 1.3 கோடி டாலர் கொடுத்தது. 2020 நவம்பரில் எம்என்டிரைவ் என்ற புது மென்பொருள் வந்தது. இன்று டைட்டில் வேலை சிக்கலில்லாமல் நடப்பதற்கு முக்கியக் காரணம் அந்த ஒதுக்கீடுதான். கமிஷனரின் வாழ்க்கைக் குறிப்பில் தேடினால் கிடைக்காது.

இனி லைசென்ஸ் கார்டு. புதிதாகக் குடிவந்தவர்கள் 60 நாளுக்குள் மாநில லைசென்ஸ் எடுக்கவேண்டும். விண்ணப்பத்தை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பிவிட்டுப் போனால் கவுன்டர் வேலை பாதியாகும். உள்நாட்டு விமானம் ஏறவும் செல்லும் ரியல் ஐடி வகைக் கார்டுக்கு பாஸ்போர்ட், விசா, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரிச் சான்று இரண்டு. எச்1பி வேலை விசாக்காரர்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது ஐ-94-ல். உள்நாட்டிலேயே தங்கும் அனுமதியை நீட்டித்தவர்களுக்குப் புது ஐ-94, ஐ-797ஏ என்ற ஒப்புதல் தாளின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வீட்டில் வைத்துவிட்டு, இணையத்தில் எடுத்த பழைய பிரதியை நீட்டினால், கார்டு பழைய தேதியிலேயே காலாவதியாகும். அல்லது விண்ணப்பமே நிற்கும். அடுத்த சிக்கல் பெயர். குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று போடுவார்கள். பாஸ்போர்ட், ஐ-94, சோஷியல் செக்யூரிட்டி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இல்லையென்றால், குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் சேவ் அமைப்பு நொடியில் பதில் சொல்லாது; கூடுதல் சரிபார்ப்புக்குப் போய் நாள்கணக்கில் இழுக்கும். கவுன்டரில் வாதாடிப் பயனில்லை, அது அவர்கள் கையில் இல்லை. ஐ-94-ல் பிழை என்றால் விமான நிலையத்தில் இருக்கும் சிபிபி என்ற சுங்க, எல்லைக் காவல் அலுவலகத்தில் திருத்திக்கொண்டு வரவேண்டும்.

ரியல் ஐடி தேவைதானா என்பதையும் யோசிக்கலாம். 2023 அக்டோபர் முதல் சாதாரண கார்டுக்குக் குடியேற்ற நிலையைக் கேட்கவே கூடாது என்பது சட்டம். இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி உள்நாட்டு விமானம் ஏறலாம். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்காதவர்களுக்கு சாதாரண கார்டே போதும் என்பேன். இதே மாநிலத்தில்தான் 2002-ல், வீவர் காலத்தில், பொது விசாரணை இல்லாமலே கடுமையான அடையாள விதிகளைத் துறை அவசர அவசரமாகக் கொண்டுவந்தது. 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் முறைப்படி கொண்டுவந்த கெடுபிடியைச் சட்டமன்றம் நீக்க இருபது வருஷம் ஆயிற்று.

எழுத்துத் தேர்வில் 40 கேள்வி, 32 சரியாக இருந்தால் பாஸ். ஸ்பானிஷ், மோங், சோமாலி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. கையேட்டைப் படித்தால் சிரமமில்லை.

ரோடு டெஸ்ட்தான் இந்தச் சேவையின் பலவீனம். கோவிட் சமயத்தில் தேர்வு மையங்களைச் சுமார் 15 ஆகச் சுருக்கினார்கள். 93 மையங்களையும் திறந்தே ஆகவேண்டும் என்று 2021-ல் சட்டமன்றம் உத்தரவு போடவேண்டி வந்தது. முன்னாள் செனட்டர் ஒருவர் நடத்திய துறைக்கே இந்தக் கதி! இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பாலில் இடம் கிடைக்காவிட்டால் வெளியூர் மையங்களையும் பாருங்கள். காலையில் யாராவது ரத்து செய்த இடம் திடீரென்று திறக்கும்.

வண்டியின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் தேர்வே கிடையாது. பிரேக் லைட், இண்டிகேட்டர், சீட் பெல்ட், உள்ளிருந்து வெளியிலிருந்து திறக்கும் கதவுகள் சரியாக இருக்கவேண்டும். இந்தியாவில் வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் தோற்பது பார்க்கிங்கில் மட்டுமில்லை. ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுதாக நிற்காமல் ஊர்ந்துபோவது, லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காதது, இவைதான் வழக்கமான தப்பு. தலையைத் திருப்புவது தேர்வாளர் கண்ணில் படவேண்டும். முதல் இரண்டு தடவைக்குத் தனிக் கட்டணம் இல்லை, மூன்றாவதிலிருந்து 20 டாலர். நாலு தடவை தோற்றால், உரிமம் பெற்ற பயிற்சியாளரோடு குறைந்தது 6 மணி நேரம் ஓட்டிய பிறகே மறுபடி வரலாம்.

பழைய கார் வாங்கினால் 10 நாளுக்குள் டைட்டிலை மாற்றவேண்டும். விற்பனை வரி 2023-லிருந்து 6.875 சதவீதம். டைட்டிலில் விலையை அடித்துத் திருத்தி எழுதாதீர்கள். திருத்தம் இருந்தால் விற்றவரைத் தேடிப்பிடித்து விளக்கம் எழுதி வாங்கவேண்டி வரும். விற்பவர் அன்றைக்கே ஆன்லைனில் விற்பனையைப் பதிவு செய்துவிடவேண்டும், இல்லையென்றால் பார்க்கிங் டிக்கெட் அவர் வீட்டுக்குத்தான் வரும்.