எச்.264-ஆ, ஏவி1-ஆ: கட்டற்ற மென்பொருளில் எந்தக் கோடெக்கைச் சேர்ப்பது?

வீடியோ பதிவு வசதி சேர்க்க நினைக்கும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு ஒரு கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை, தேவை. மூன்று வழிகள் உண்டு: எச்.264 முறைக்கான எக்ஸ்264 நிரல், அதே முறைக்கான சிஸ்கோவின் ஓபன்எச்264, வேறு முறையான ஏவி1. நான் எடுத்தது ஏவி1. ஃபைல் சிறிதாகும் என்பதற்காக அல்ல, காப்புரிமைக்காக.

எக்ஸ்264 வேகமானது, அதன் வீடியோ ஓடாத கருவியே இல்லை. ஆனால் ஜிபிஎல் என்ற அதன் கட்டற்ற உரிமம் நிரலின் பதிப்புரிமையோடு சரி. எச்.264 முறையின் காப்புரிமைகள் பல நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து உரிமம் விற்றது எம்பெக் எல்ஏ, 2023 முதல் வியா எல்ஏ. அவர்கள் வெளியிட்ட கட்டணப்படி ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகள் இலவசம். அதற்கு மேல் பிரதிக்கு 0.20 டாலர், 50 லட்சம் தாண்டினால் 0.10. சின்னத் திட்டம்தானே, லட்சத்தைத் தொடாது என்று தோன்றும். யார் எண்ணுவது? லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்கள்) நகல் சர்வர்களான மிரர்களில் போடும், ஒருவர் இறக்கியதைப் பத்துப் பேர் நகலெடுப்பார்கள்.

சரி, காசு கட்டிவிடலாம் என்றால் ஜிபிஎல் 2-இன் 7-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உங்களிடமிருந்து பெறும் எவரும் ராயல்டி இல்லாமல் மறுபடி விநியோகிக்கக் காப்புரிமை உரிமம் இடம் தராவிட்டால், நீங்களும் விநியோகிக்கவே கூடாது. உங்கள் பெயரில் வாங்கிய உரிமம் அடுத்தவருக்குச் செல்லாது. எனக்கு முடிவைத் தீர்த்தது இந்த ஒரு பிரிவுதான். 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ, கிராஃபிக்ஸ் டிரைவர்களான தன் மெசா தொகுப்பில் எச்.264, எச்.265 வன்பொருள் வசதியை முடக்கியதும் காப்புரிமைச் சிக்கலால்தான். 2003-இல் வந்த தரம் என்பதால் பல காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன; அதை நம்பி இன்றே வெளியிடச் சொல்ல மாட்டேன்.

ஓபன்எச்264-க்கு சிஸ்கோவே ராயல்டி கட்டுகிறது. ஆனால் அது சிஸ்கோ உருவாக்கிய பைனரிக்கு (கம்பைல் செய்து தயாராக இருக்கும் ஃபைலுக்கு) மட்டும். அதையும் பயனரின் கணினி சிஸ்கோவிடமிருந்து தனியாக இறக்க வேண்டும், உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைக்கக் கூடாது. ஒரு பிழையைத் திருத்தி நீங்களே கம்பைல் செய்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. நிரலைத் திருத்தும் உரிமை பேச்சளவில் நின்றுவிடுகிறது.

ஏவி1-ஐ உருவாக்கியது 2015-இல் தொடங்கிய ஓபன் மீடியா கூட்டணி. வரையறை 2018-இல் வந்தது. அதன் காப்புரிமை உரிமத்தில் ராயல்டி இல்லை, யாருக்கும் பொருந்தும். ஏவி1 மீது காப்புரிமை வழக்குப் போடுபவர் அந்த உரிமத்தை இழப்பார். கூட்டணிக்கு வெளியே இருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது. காப்புரிமை உரிமம் விற்கும் சிஸ்வெல் நிறுவனம் 2019-இல் ஏவி1-க்கும் ஒரு காப்புரிமைத் தொகுப்பை அறிவித்தது. எனவே ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது, குறைவு என்றே சொல்லலாம்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் எஸ்விடி-ஏவி1 என்கோடருக்கு (சுருக்கும் நிரலுக்கு) சிஆர்எஃப் (தர அளவு) 35, பிரிசெட் (வேக நிலை; எண் குறைந்தால் மெதுவாகும்) 6-இல் தொடங்குங்கள். நேரடித் திரைப்பதிவுக்கு பிரிசெட் 10-க்குக் கீழே போனால் சாதாரண லேப்டாப்பில் ஃபிரேம்கள் விழும். ஒலிக்கு ஓபஸ், கொள்கலன் (ஒலியையும் வீடியோவையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வடிவம்) வெப்எம், பிளே செய்ய டேவ்1டி டிகோடர் (விரிக்கும் நிரல்). இன்டெல் 11-ஆம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்பில் ஏவி1-க்கு வன்பொருள் டிகோடர் கிடையாது; அங்கே 720பி வையுங்கள்.

பயனர்கள் ஃபோனிலிருந்து கொண்டுவரும் எச்.264 ஃபைல்களைத் திறக்க டிகோடரை உங்கள் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன், மேக்கில் வீடியோ டூல்பாக்ஸ், லினக்ஸில் பயனரே நிறுவிய ஜிஸ்ட்ரீமர் பிளக்இன் ஆகியவற்றை அழைத்தால் போதும்.